தலையை எண்ணினர், பிள்ளையை எண்ணவில்லை

ஒரு பிள்ளை எந்த மண்ணில் வாழ்கிறது, எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதைக் கருத்திற்கொண்டு அதற்கு உயர்கல்வி வாய்ப்பை வழங்குவது நல்ல கொள்கை. மேட்டில் ஏறி ஓடுகிறவனையும் செப்பனிட்ட வீதியில் ஓடுகிறவனையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, முந்தி வந்தவனுக்கே பரிசு என்பது நீதியாகாது. இக்கொள்கையை நாம் மனமார ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டே, கண்டி மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் நின்று ஒரு கேள்வியை எழுப்புகிறோம். வாழுமிடத்தைப் பார்த்து வழங்கப்படும் இந்த நீதி, எங்கள் பிள்ளைகள் வாழும் இடத்தை மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறது?

முறை யாது என்பதை முதலில் தெளிவாகக் கூறிவிடுவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற கற்கைநெறிகளுக்கான இடங்களை மூன்று கூறாகப் பிரிக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி. 55 வீதம் நாட்டின் 25 மாவட்டங்களுக்கும் குடிசனத் தொகையின் விகிதாசாரப்படி. எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அப்பட்டியலில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகியவை உள. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் மொனறாகலையும் உள. புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை உள. கண்டி இல்லை. மாத்தளை இல்லை. கேகாலை இல்லை.

கண்டி ஏன் இல்லை? கண்டி மாநகரில் திரித்துவக் கல்லூரி உண்டு, தர்மராஜ உண்டு, கிங்ஸ்வுட் உண்டு, மகாமாயா உண்டு, பெண்கள் உயர்தரப் பாடசாலை உண்டு. நூறாண்டு கடந்த கட்டடங்களும், ஆய்வுகூடங்களும், மாலை நேரத் தனியார் வகுப்புகளும் நிறைந்த நகரம் அது. அந்நகரைப் பார்த்து மாவட்டத்தை அளந்தனர். நகரம் முன்னேறியது, ஆகவே மாவட்டம் முன்னேறியது, ஆகவே தெல்தோட்டையிலும் கலஹாவிலும் ரங்கலையிலும் மடுல்கலையிலும் லயத்தில் விளக்கேற்றிப் படிக்கும் பிள்ளையும் முன்னேறிய பிள்ளை! இதுவே அவர்களுடைய தருக்கம்.

ஒரே மலை, இரண்டு நீதி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் புசல்லாவை கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே பாதையில் மேலேறினால் வரும் றம்பொடை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு பக்கமும் தேயிலை. இரு பக்கமும் லயம். இரு பக்கமும் கொழுந்துக் கூடை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் உள்ள பிள்ளை பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளை. இப்பால் உள்ள பிள்ளை முன்னேறிய மாவட்டத்துப் பிள்ளை. நாவலப்பிட்டியிலும் இதே கதைதான். நகரம் கண்டி மாவட்டத்தில், சிறிது தூரம் கடந்தால் நுவரெலியா மாவட்டம். மழை இந்த எல்லையைப் பார்த்துப் பெய்வதில்லை. வறுமையும் இந்த எல்லையைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. சட்டம் ஒன்றே இந்த எல்லையில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

உண்மையில், கண்டித் தோட்டங்களின் நிலை நுவரெலியாத் தோட்டங்களின் நிலையினும் கீழானது என்பதைத் தொழிலறிந்தோர் அறிவர். நுவரெலியாவின் உயர்நிலத் தேயிலைக்கு உலகச் சந்தையில் விலையுண்டு. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் இடைநிலத் தோட்டங்கள் பல, 1992 இல் ஏனைய தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, வாங்குவாரின்றி அரச நிறுவனங்களான மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் தங்கிவிட்டன. அங்கு உழைத்து ஓய்ந்தவர்களின் ஊழியர் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட விடயம். அதற்கு முன்னர் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்போது கண்டி மாவட்டத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வீதிக்கு வந்ததையும், வன்னி நோக்கி நடந்ததையும் எம் முதியோர் மறந்திலர். இந்த வரலாற்றையுடைய மக்களின் பிள்ளைகளைத்தான் முன்னேறிய மாவட்டத்தார் என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றனர்.

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் அங்கே குடியேறியது. அம்மலையில் தேயிலை உண்டு, லயமுண்டு. மேலே நின்று பார்ப்பவனுக்குக் கீழே செனட் மண்டபம் தெரியும். கீழே இறங்கி அதனுள் நுழைவதற்கு அவனுக்குப் பாதை தெரியவில்லை. தூரத்தை மைல் கணக்கில் அளப்போர் இதனை உணரார்.

எண்ணிக்கைக்கு மட்டும் நாம்

இனி, 55 வீதக் கணக்கைப் பார்ப்போம். மாவட்டப் பங்கு மாவட்டத்தின் மொத்தக் குடிசனத் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்டி மாவட்டத்தின் மக்கள் 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களுள் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் நூற்றுக்கு ஆறு பேர் வரை. இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்ட மலையக மக்களை இதனோடு சேர்த்தால் தொகை மேலும் கூடும். ஆக, கண்டி மாவட்டத்துக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நூறு இடத்திலும் ஆறு இடமாவது எங்கள் மக்களின் தலைகளை எண்ணியதால் வந்த இடம். அந்த ஆறில் லயத்துப் பிள்ளை பெறுவது எத்தனை? தோட்டத் துறையைத் தனியே பிரித்து அந்தக் கணக்கை வெளியிடுங்கள் என்று ஆணைக்குழுவைக் கேட்கிறோம். வெளியிட்டால் வெட்கப்பட வேண்டியவர் நாமல்லர்.

இது புதிய தந்திரமும் அன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் திருத்தப்பட்ட பாராளுமன்றத் தேர்தற் சட்டமும் எம் மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. ஆனால், தேர்தல் தொகுதிகளை வகுக்கும்போது மட்டும் 75,000 ஆட்களுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் அவர்களையும் ஆட்களாக எண்ணினர். வாக்கில்லாத தொழிலாளியின் தலையைக் கொண்டு மலைநாட்டிற் கூடுதலான ஆசனங்கள் பெறப்பட்டன. அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். நாடாளும் மன்றத்தில் அன்று நடந்த அதே கணக்கு, பல்கலைக்கழக வாசலில் இன்றும் நடக்கிறது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 1988 இலும் 2003 இலும் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன, வாக்கு மீண்டது. வாக்கு மீண்ட பின்னரும், எண்ணுவதற்கு வேண்டியவன், கொடுப்பதற்கு வேண்டாதவனாகவே இருக்கிறான்.

பின்தங்கிய மாவட்டத்துக்குரிய 5 வீதமேனும் நுவரெலியாத் தோட்டப் பிள்ளையைச் சென்றடைகிறதா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கலைத்துறைக்கான தெரிவு முழுவதும் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியே நடைபெறுகிறது. அங்கே மாவட்டப் பங்கு இல்லை. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு இருந்தால், பெரும்பாலும் அது கலை வகுப்பு. அல்லது வர்த்தக வகுப்பு. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. அவற்றிலும் பௌதிகத்துக்கு ஆசிரியர் வந்தால் இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆக, எங்கே சலுகை உண்டோ அங்கே எங்களுக்கு வகுப்பில்லை. எங்கே வகுப்பு உண்டோ அங்கே சலுகையில்லை. பூட்டை ஒரு கதவிலும் சாவியை மற்றொரு கதவிலும் தொங்கவிட்டவர் யார்?

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது என்று நாடு பெருமை பேசுகிறது. பேசட்டும்; பேசத்தக்க பெருமைதான். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான் என்பதையும் அதனோடு சேர்த்துப் பேசட்டும். ஒரு தலைமுறைக் காலம் தாமதமாக ஓட்டத்திற் சேர்க்கப்பட்டவனிடம், ஏன் பின்னால் நிற்கிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வடக்கிலுள்ள அன்பர்களுக்கு ஒரு சொல்

மாவட்ட அடிப்படை என்ற சொல்லைக் கேட்டவுடன் கொதித்தெழும் தமிழ் அன்பர்கள் உளர். அவர்களுடைய காயத்தை நாம் அறிவோம். 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது இதே பேராதனையின் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவனுக்கு 227 புள்ளி போதுமென்றும், தமிழ் மொழி மாணவனுக்கு 250 வேண்டுமென்றும் வகுத்தனர். மொழியைப் பார்த்து வெட்டிய அந்த வெட்டு, அநீதியேயன்றி வேறன்று. 1973 இல் தரப்படுத்தல், 1974 இல் மாவட்டப் பங்கு என்று அடுத்தடுத்து வந்தவற்றால் யாழ்ப்பாணத்து இளைஞரின் நெஞ்சில் விழுந்த தழும்பு பின்னர் நாட்டின் வரலாற்றையே மாற்றியது.

ஆயினும், அந்த வரலாற்றைச் சொல்லி மாவட்ட அடிப்படை முழுவதையும் ஒழித்துவிட வேண்டும், திறமை ஒன்றே போதும் என்று வாதிடும் அன்பர்களை நாம் ஒன்று கேட்கிறோம். திறமை வரிசை மட்டுமே ஆண்ட காலத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்குப் போனவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத்தக்க தொகை. அன்று தமிழினத்தின் உரிமை என்று நாம் எல்லாரும் சேர்ந்து முழங்கினோம். அந்த இனத்தில் கொழுந்து பறிப்பவளின் மகள் இடம்பெற்றிருந்தாளா? வன்னியும் மட்டக்களப்பும் மன்னாரும் மாவட்டப் பங்கால் பயன்பெற்றன என்பதை மறைக்க முடியுமா? தமிழன் என்ற பெயரால் ஒருவன் பெற்றால் எல்லோரும் பெற்றதாகும் என்ற கணக்கும், கண்டி நகரம் பெற்றால் கண்டி மாவட்டம் பெற்றதாகும் என்ற கணக்கும் ஒரே கணக்குத்தான். ஒன்றை எதிர்ப்பவர் மற்றொன்றை ஆதரிக்க இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1968 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கிலே, மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டங்களின் மக்கட்டொகைப்படி பங்கிட்ட விதியைத் தள்ளிற்று. சிறந்த மாணவரைத் தெரிவதே நோக்கமாயின், மாவட்ட வாரியாகப் பிரிப்பதற்கும் அந்நோக்கத்துக்கும் தொடர்பு யாது என்று அம்மன்று வினவியது. எமது நாட்டிலே 1980 இல் உச்ச நீதிமன்றம், செனவிரத்ன எதிர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்ற வழக்கில், பிரதேச அடிப்படையிலான பங்கீடு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரைக்கு முரணன்று என்று தீர்த்தது. வசதி குறைந்த பிரதேசத்து மாணவனுக்குச் சமவாய்ப்பு வழங்குவது அரசின் கடமை என்பதற்கு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரையும் துணை நிற்கிறது. கல்வியின் எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் சமமான அணுகுரிமையை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் வாசகப் பொருள்.

இரு தீர்ப்புகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: வகைப்படுத்தலாமா என்பது தனிக்கேள்வியன்று, வகுத்த வகைக்கும் வேண்டிய நோக்கத்துக்கும் பொருத்தம் உண்டா என்பதே கேள்வி. நோக்கம், வசதியற்ற பிள்ளைக்கு வாய்ப்பளிப்பது. அதற்கு வகுத்த வகை, மாவட்டம். கண்டி மாநகரின் மாளிகையையும் தெல்தோட்டையின் லயத்தையும் ஒரே வகையில் அடைக்கும் வகைப்பாடு அந்நோக்கத்தை எப்படி நிறைவேற்றும்? சமமானோரைச் சமமின்றி நடத்துவது மட்டும் அநீதியன்று. சமமில்லாதோரைச் சமமாக நடத்துவதும் அநீதியே என்பது சட்டத்தின் அரிச்சுவடி.

பிற நாட்டார் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தனர்? தமிழ்நாடு 2020 இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 வீத இடங்களை அது ஒதுக்கியது. அச்சட்டம் மாவட்டத்தைப் பார்க்கவில்லை, பள்ளியைப் பார்த்தது. 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997 இல், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதற் பத்து வீதத்தினருள் வந்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு என்று சட்டம் செய்தது. ஏழைப் பள்ளியின் முதல் மாணவனும் பணக்காரப் பள்ளியின் முதல் மாணவனும் அங்கே ஒரே வாசலில் நுழைந்தனர். வாழுமிடத்தைப் பார்த்து உதவுவதாயின், வாழுமிடத்தை உள்ளபடி பார்க்க வேண்டும் என்பதற்கு இவை சான்று.

இடம் கிடைத்த பின்னர்?

தெரிவானவன் படித்து முடிப்பதற்குப் பணம் வேண்டும். லலித் அத்துலத்முதலி அவர்கள் தொடங்கி வைத்து, 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் மாணவர்க்குப் பேருதவியாக நிற்கிறது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், ஏனைய உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்படுமென அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதை 2021 இல்தான் போராடிக் கண்ட தொழிலாளியின் மகன், யாழ்ப்பாணத்துக்கோ ஒலுவிலுக்கோ மாத்தறைக்கோ அனுப்பப்பட்டால், அறை வாடகைக்கும் சோற்றுக்கும் அது எத்தனை நாளுக்குப் போதும்? முதற் கொடுப்பனவு கைக்கு வரும்வரை கழியும் மாதங்களை அவன் எந்தக் கடனில் தள்ளுவான்?

வருமானத்தைப் பார்க்கும் இந்த உதவிகளும், வாழும் இடத்தின் சுமையைப் பார்ப்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளை என்பதையே அளவுகோலாகக் கொண்டு இயங்கும் நிதியமாக நாம் சுட்டத்தக்கது இந்திய அரசின் தூதரகத்தோடு இணைந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமே. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் பிள்ளைகளைக் காணுந்தோறும் நன்றியும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. அயல்நாட்டு அரசுக்குத் தெரிந்த தோட்டத்தை எமது அரசு அறியாதா?

அறியாது என்றுதான் சொல்ல வேண்டும்; ஏனெனில், லயத்துக்கு முகவரி இல்லை. தபால் தோட்டக் காரியாலயத்தில் இறங்குகிறது. அங்கிருந்து எப்போது, யார் கையில் லயத்துக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து வந்தால் இழப்பு யாருக்கு? விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்று வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் போனால் தோட்டத்துக் கடிதம் கேட்பார். தோட்டத்துக்குப் போனால் துரை வெளியே போயிருப்பார். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணி செய்ய இயலாதவாறு தடுத்து நின்றது. அதைத் திருத்துவதற்கு 2018 வரை, முப்பத்தோர் ஆண்டு பிடித்தது. வதியும் இடத்தைக் கொண்டு உதவி வழங்கும் அரசு, வதியும் இடம் என்பதையே எங்களுக்கு மறுத்து வைத்திருந்தது.

மறுப்போர்க்கு மறுமொழி

இது இனவாதக் கோரிக்கை என்பர். இல்லை. கண்டி மாவட்டத்தின் கீழ்க்கோடியில் மினிப்பே இருக்கிறது. நக்கிள்ஸ் மலைக்கு அப்பால் உடுதும்பறை இருக்கிறது. அங்கே உள்ள சிங்களக் கமக்காரனின் பிள்ளையும் தர்மராஜவின் பிள்ளையோடுதான் போட்டியிடுகிறது. எமது கோரிக்கை நிறைவேறினால், முதலில் வாழ்த்தப் போகிறவன் அவனே. காய்கறிக்கு விலையில்லாமல் சந்தையிற் கொட்டிவிட்டுத் திரும்பும் கமக்காரனும், கொழுந்து நிறையில் கழிவு கொடுக்கும் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்.

மாவட்டத்திற் சிறிய அலகைக் கொண்டு கணிப்பது நிர்வாகச் சிக்கல் என்பர். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் நாட்டை நகரத் துறை, கிராமத் துறை, தோட்டத் துறை என மூன்றாகப் பிரித்தே கணக்கெடுக்கிறது. 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், 10 வதியும் தொழிலாளரேனும் உள்ள பெருந்தோட்டம் தோட்டத் துறை என்று அதற்கு வரைவிலக்கணமும் வைத்திருக்கிறது. வறுமையை அளக்கவும் போசாக்கின்மையை அளக்கவும் தோட்டத் துறை என்ற அலகு கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்க மட்டும் அந்த அலகு கிடைக்கவில்லையா? ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு மாவட்டம் வாரியாகவும் மொழி வாரியாகவும் வெட்டுப்புள்ளி வகுக்கத் தெரிந்த திணைக்களங்களுக்கு இது முடியாத கணக்கன்று. மனம் வேண்டும், அவ்வளவே.

சலுகையைப் பெற வசதியுள்ளோர் பள்ளி மாறி வருவர் என்பர். உண்மை, பின்தங்கிய மாவட்டங்களில் அது நடந்தமை யாவரும் அறிந்தது. அதனாலேயே தமிழ்நாடு, ஆறாம் வகுப்பு முதல் தொடர்ந்து படித்திருக்க வேண்டுமென்று விதித்தது. திருடன் வருவான் என்று வீடு கட்டாதிருப்பார் உண்டோ? கதவு வைத்துக் கட்டுவோம்.

திறமை தாழ்ந்துவிடும் என்போர்க்கு ஒன்றே மறுமொழி. 40 வீதத் திறமை இடத்தில் நாம் கை வைக்கவில்லை. மாவட்டத்துக்கென்று ஏற்கெனவே பிரித்த பங்கை, மாவட்டத்துக்குள் நேர்மையாகப் பங்கிடச் சொல்கிறோம்.

நாம் வேண்டுவன

முதலாவது: கண்டி, மாத்தளை, கேகாலை உள்ளிட்ட பட்டியலுக்குப் புறம்பான மாவட்டங்களில், மாவட்டப் பங்கிலிருந்து ஒரு பகுதியைத் தோட்டத் துறைக்கும், உயர்தர விஞ்ஞான வகுப்பற்ற பிரதேசங்களுக்கும் ஒதுக்குக. இனத்தையும் மதத்தையும் கேளாது, பள்ளியையும் வதிவிடத்தையும் மட்டும் கேட்டு ஒதுக்குக.

இரண்டாவது: கலைத்துறைத் தெரிவிலும் பின்தங்கிய பள்ளிகளுக்கு ஒரு பங்கு வகுக்குக. கூடவே, ஒவ்வொரு தோட்டப்புறக் கல்விக் கோட்டத்திலும் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் ஒரு பாடசாலையையேனும் முழு ஆசிரியரோடு நிறுவுக.

மூன்றாவது: மகாபொலவிலும் உதவிப்பணத்திலும் தோட்டப்புற வதிவிடத்தை ஒரு தகைமையாகச் சேர்த்து, முதல் மாதத்திலேயே கொடுப்பனவைத் தொடங்குக.

நான்காவது: ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுத்து, கடிதம் வாசலுக்கு வரச் செய்க.

ஐந்தாவது: ஆண்டுதோறும் பல்கலைக்கழக அனுமதிக் கணக்கை நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்து வெளியிடுக.

இவற்றை மேடையிற் கேட்டுவிட்டுக் கலைந்து போகும் அரசியலில் எமக்கு நம்பிக்கையில்லை. ஆண்டுக்கொரு முறை நான்கு பிள்ளைகளை மேடையேற்றி, மாலையிட்டு, காசோலையைப் படம் பிடிப்போர் மலையகத்தில் நிறைய உளர். தருமம் வேறு, உரிமை வேறு. தருமத்துக்குக் கைகூப்ப வேண்டும். உரிமைக்கு வழக்காட வேண்டும்.

ஆகவே, கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் தொழில் புரியும் தமிழ்ச் சட்டத்தரணிகளையும் மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் கணக்காளர்களையும் நாம் அழைக்கிறோம். ஆளுக்கொரு தோட்டப் பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உயர்தரம் எழுதிய பிள்ளைகள் எத்தனை, தெரிவானோர் எத்தனை, உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தோர் எத்தனை, கடிதம் பிந்தியதால் இழந்தோர் எத்தனை என்று எழுதி வையுங்கள். கமக்கார அன்பர்களும் தங்கள் கிராமப் பள்ளியின் கணக்கை அவ்வாறே எழுதட்டும். அந்தக் கணக்கோடு ஆணைக்குழுவின் முன் செல்வோம். அங்கே கதவு திறவாவிடின் நீதிமன்றின் முன் செல்வோம். மன்றிலே கண்ணீர் சான்றாகாது, கணக்கே சான்றாகும்.

லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்ட நிலம் கண்டி மாவட்டத்து நிலம். அன்று முதல் இந்த நாடு ஏற்றுமதி செய்த தேயிலையின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் கணக்கு இருக்கிறது. எந்தத் தோட்டத்து இலை, எந்தத் தரம், எந்த ஏலத்தில் என்ன விலை என்று ஏடு இருக்கிறது. அந்த இலையைப் பறித்தவளின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போயிற்று, எந்த வாசலில் நின்றுவிட்டது என்பதற்கு ஏடில்லை. அந்த ஏட்டை நாமே திறக்கிறோம்.